ஸாருக்குப் பிடித்த கிரனோலா

“பையா, ஜயீ?” என்றார் சேஷன்.

“ஜெய் ராம்ஜீ கீ!” என்று கைகூப்பினார் கடைக்காரர்.

டில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இது மூன்றாவது கடை. முதல் கடையில் “ஜெய் மாதா தீ” கிடைத்தது. இரண்டாவது கடைக்காரர் எழுந்து நின்று “ஜெய் ஹிந்த்” என்று சல்யூட்டே அடித்துவிட்டார். சேஷனும் பதிலுக்கு ஒன்று அடித்துவிட்டு நகர்ந்தார். சர்க்கார் நடத்திய ஹிந்திப் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறியவர் அவர். ஃபைலில் குறிப்பு எழுத வந்த ஹிந்தி, ஜயீ என்கிற ஓட்ஸ் வாங்க வரமாட்டேன் என்றது.

“ஜெய் நஹி பையா, ஜயீ! நாஷ்தா கே லியே!” காலை டிபனுக்கு என்று விளக்கிப் பார்த்தார் சேஷன்.

“அச்சா, ஜயீ!” கடைக்காரருக்கு விளங்கிவிட்டது. கழுத்தை நீட்டிக் கடைக்கு வெளியே எட்டிப் பார்த்தார். “கோடா கஹாங் ஹை?”

குதிரை எங்கே என்று கேட்கிறார் என்பது சேஷனுக்கு உறைக்கச் சற்று நேரமாயிற்று.

டின்னில் வரும் சீமை ஓட்ஸ் எந்தக் கடையிலும் இல்லை. ஜயீ வேண்டுமானால் குதிரை வண்டிகள் நிற்கும் தாங்கா ஸ்டாண்டுக்குப் போ என்று வழி காட்டினார் கடைக்காரர். மத்திய சர்க்காரின் ஸெக்ஷன் ஆபீஸர் ஒருவர், ஒரு கிழட்டுக் குதிரை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, அதன் தீனியில் பங்கு வாங்கிக்கொண்டு சரோஜினி நகர் வீட்டுக்கு பஸ் ஏறினார்.

எல்லாம் ஷில்லாங் செய்த வேலை. ஷில்லாங் கிளைக்கு யாரையாவது மாற்றியாக வேண்டும்; சேஷனின் பெயர்தான் ஆபீஸ் முழுக்க அடிபட்டது. கரோல்பாகில் ஒரு மொட்டைமாடி அறையில் வெயிலில் வெந்தும் குளிரில் விறைத்தும் வருஷக்கணக்காகக் காத்திருந்து, இப்போதுதான் குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்தது. பால் காய்ச்சிய பாத்திரம்கூட இன்னும் காயவில்லை. மனைவி விசாலாக்ஷி கொல்லையில் வைத்த கறிவேப்பிலைக் கன்று அப்போதுதான் பிழைத்து இரண்டு இலை விட்டிருந்தது. அதை விட்டுவிட்டுப் போக சேஷனுக்கு மனசில்லை.

மாற்றலை நிறுத்தக்கூடியவர் ஒருவர்தான். ஜாயின்ட் செக்ரடரி ராமசுப்ரமணியன். அமெரிக்காவில் ஒரு வருஷம் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்த அவரைத் தம்பதியாகக் காலை டிபனுக்கு அழைத்தார் சேஷன்.

“வரேன்யா, கட்டாயம் வரேன்! உங்காத்துச் சமையலைப் பத்தி எல்லாரும் சொல்றா” என்று அவர் உடனே ஒப்புக்கொண்டது சேஷனுக்கே ஆச்சரியம்.

அந்த சந்தோஷத்தில் மண்ணைப் போட்டவன் அவருடைய பி.ஏ. வேணு. “சேஷன் ஸார், அவர் காலம்பற கிரனோலா தவிர வேறே எதையும் தொடறதில்லை. அமெரிக்காலேருந்து டப்பா டப்பாவா வந்திருக்கு. அவாத்து மாமியே சொன்னா.”

“அது என்னது?”

“ஓட்ஸு, பருப்பு, திராட்சை, தேன் எல்லாம் போட்டு மொறுமொறுன்னு வறுத்திருப்பா. பாலை விட்டுண்டு சாப்பிடணும்.”

விசாலாக்ஷி காதில் இதைப் போட்டதும் அவளுக்குக் கோபம் வந்தது. “கிரனோலாவா? சாப்பிடறதா, பூசிக்கறதா? வெண்பொங்கலும் கத்திரிக்காய் கொத்சும் பண்றேன். மனுஷர் மயங்கி விழட்டும்.”

“விழுந்து எழுந்து ஷில்லாங்னு எழுதிடுவார். கிரனோலாதான் பண்ணணும்.”

இப்போது அவள் குதிரைத் தீனியைக் கையில் அள்ளிப் பார்த்தாள். உமியும் கையோடு வந்தது.

“ஏன்னா, இதைத் திங்கணும்னா வாலும் வேணுமே!”

“இடிச்சுப் புடைச்சா சரியாயிடும்.”

இடித்தாள். உமியில் பாதி பறந்து சேஷன் தலையில் உட்கார்ந்தது. மீதி போகமாட்டேன் என்று தங்கிவிட்டது. அதை மறைக்கக் கெட்டி அவல் சேர்க்கச் சொன்னார் சேஷன். வெள்ளை அவலுக்கு நடுவே உமி இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. எல்லாம் ஒரே நிறமாகட்டும் என்று வறுத்ததில் அவல் கருகி, உமி மட்டும் பொன்னிறமாக மின்னியது.

வீட்டிலிருந்த தேன், மருந்து குழைக்கத்தான் காணும். வெல்லப்பாகு வைப்பதென்று முடிவாயிற்று.

“போறுமா?” என்றாள் விசாலாக்ஷி, பாகைக் கம்பி இழுத்துப் பார்த்து.

“மொறுமொறுன்னு இருக்கணுமாம். இன்னும் கொஞ்சம் காயட்டும்.”

“இதுக்கு மேலே போனா கல்லாயிடும்னா.”

“அமெரிக்கா போனவருக்கு எது பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா?”

பாகு காய்ந்தது. கலந்ததைத் தட்டில் கொட்டிக்கொண்டு மார்க்கெட் பேக்கரிக்கு ஓடினார் சேஷன். அக்கம்பக்கத்துப் பஞ்சாபிகள் வீட்டு மாவும் நெய்யும் கொடுத்து பிஸ்கட் சுட்டு வாங்கும் இடம் அது. பேக்கரிக்காரர் தட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“யே க்யா ஹை, பாபுஜி?”

“அமெரிக்கன்” என்றார் சேஷன் கம்பீரமாக.

அமெரிக்கா என்றதும் அந்த மனிதர் மரியாதை காட்டி, கூடக் கொஞ்ச நேரம் அடுப்பில் விட்டுவிட்டார். போனது அவல் கலவை. திரும்பி வந்தது பலகை. கத்தி வளைந்தது. அரிவாள்மணை ஆடிப்போயிற்று. கடைசியில் சுத்தியல் எடுத்தார் சேஷன். அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மாள், ஆணி அடித்து முடித்ததும் சுத்தியலைத் தனக்கும் தரும்படி சுவருக்கு அப்பாலிருந்து கேட்டாள்.

‘பிள்ளையாரப்பா, இது ஒன்றை மட்டும் ஸாருக்குப் பிடிக்கவை. தேங்காய் உடைக்கிறேன்’ என்று வேண்டிக்கொண்டார் சேஷன். தேங்காய் என்ன, அதை வைத்தே உடைக்கலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்பாஸடர் வந்து நின்றது. டிரைவர் கலியன் கதவைத் திறக்குமுன்பே ராமசுப்ரமணியன் இறங்கிவிட்டார். வாசற்படியிலேயே மூக்கை உறிஞ்சினார்.

“நெய்யிலே மிளகு பொரியற வாசனையா வரதே, சேஷன்?”

“அது எங்களுக்குப் பொங்கல் ஸார். உங்களுக்கு ஸ்பெஷல்!”

அவர் முகம் மலர்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கையைத் தேய்த்தார். சேஷன் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்துப் பாலை ஊற்றினார். உள்ளே கடகடவென்று ஒரு சத்தம்.

“கிரனோலா, ஸார்!”

ராமசுப்ரமணியன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். ஆனந்தத்தில் கண் பனித்துவிட்டது என்று நினைத்தார் சேஷன்.

அவர் மனைவி வைதேஹி மாமி ஒரு ஸ்பூன் வாயில் போட்டாள். சரளைக்கல் ரோட்டில் யாரோ நடந்த மாதிரி சத்தம் கேட்டது. மாமியின் கண் விரிந்தது.

“அச்சு அசல் அமெரிக்கா! அங்கேயும் இப்படித்தான் பல்லைப் பிடிக்கும். இவருக்கு இதுன்னா உயிர். பிடிக்கலேன்னு ஒரு நாள் வாயைத் திறந்ததில்லை.”

மனசு கேளாமல் விசாலாக்ஷி பொங்கல் பாத்திரத்துடன் வந்தாள். “ஒரு கரண்டி இதையும்...”

ராமசுப்ரமணியனின் கை பாதி தூரம் நீண்டது. அதற்குள் சேஷன் பாய்ந்து பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டார். “ஸாரைத் தொந்தரவு பண்ணாதேடி! அவர் இதையெல்லாம் தொடமாட்டார்.”

“நன்னாச் சொன்னேள்” என்றாள் மாமி. “கொண்டுவந்த டப்பாவெல்லாம் இந்த வாரத்தோட தீர்ந்துபோறது. என்ன பண்ணப்போறேனோன்னு கவலையா இருந்தது.”

“கவலையே வேண்டாம் மாமி! வாராவாரம் ஆத்திலேயே கொண்டுவந்து குடுத்துடறேன்.”

ராமசுப்ரமணியனுக்குப் புரையேறியது. சேஷன் பதறிப்போய் இன்னும் கொஞ்சம் பால் விட்டார், கூடவே இன்னொரு கை கிரனோலாவும்.

“வாராவாரமா?” என்றார் அவர் மெதுவாக.

“ஆமாம் ஸார். நான் டில்லியில இருக்கற வரைக்கும் உங்களுக்கு இந்தக் குறையே வராது!”

“டில்லியில இருக்கற வரைக்கும்...” என்று அவர் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு தெம்பு வந்தவர்போலக் கிண்ணத்தைக் கடைசிப் பருக்கைவரை காலி செய்து, சேஷன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, ஒரு பெரிய டப்பா கிரனோலாவுடன் காரில் ஏறினார்.

“பார்த்தியா?” என்றார் சேஷன். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கின மாதிரி இருந்தது அவருக்கு. “ரெண்டாம் தரம் வாங்கிண்டு சாப்பிட்டார்! இனிமே ஷில்லாங்காவது ஒண்ணாவது. உன் கறிவேப்பிலைக்குத் தண்ணி விடு.”

விசாலாக்ஷி தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போது கார் மறுபடி வந்தது. மாமி சால்வையை மறந்துவிட்டுப் போயிருந்தாள். எடுக்க வந்த கலியனை உட்காரவைத்து விசாலாக்ஷி பொங்கல் போட்டாள். அவன் கொத்சைப் பிசைந்து அடித்த அடியில் தட்டு பளபளத்தது.

சேஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நல்ல வார்த்தையை இன்னொரு தரம் காதால் கேட்கவேண்டும் போலிருந்தது.

“கலியா, வண்டியில போறச்சே ஸார் நம்மாத்து டிபனைப் பத்தி ஏதாவது சொன்னாரா?”

“டிபனைப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்க” என்றான் கலியன், விரலைச் சப்பியபடி. “அம்மா எறங்கினப்புறம் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு: ‘ஏம்ப்பா கலியா, ஷில்லாங்கைவிடத் தூரமா நம்ம ஆபீஸ் வேற எங்கேயாவது இருக்கா?’”