மூழ்க மறுத்த கப்பல்

"ஏம்மா செல்வி, நம்ம கடல்ல ஒரு கப்பலையும் காணோம்? எல்லாரும் எங்க போய்த் தொலைஞ்சாங்க?"

முதலாளி கண்ணுசாமி கேட்டபோது சகாயசெல்விக்குச் சிரிப்பு வரவில்லை. திண்டுக்கல்லில் ஓர் உரக்கடையின் மாடியில் அவர் நடத்திய சின்னக் கம்பெனி, இணையத்தில் ஆடும் கடற்கொள்ளை விளையாட்டு ஒன்றை உருவாக்கியிருந்தது. இரண்டாயிரத்து ஒன்பதாம் வருடம். தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர்.

ஆடுகிறவர்கள் கப்பலில் சரக்கேற்றித் தீவுக்குத் தீவு விற்கலாம். இல்லையென்றால் பீரங்கி வைத்து அடுத்தவன் கப்பலை மூழ்கடித்துச் சரக்கைப் பறிக்கலாம். சரக்கு போகும் பயமும் லாபம் வரும் ஆசையும் சரிக்குச் சரியாக இருக்கும்படி விதிகளை அமைப்பதுதான் செல்வியின் வேலை.

"மீசைக்காரின்னு ஒருத்தி சார். வியாபாரிங்க எல்லாம் அவளுக்குப் பயந்துக்கிட்டு வெளியவே வர மாட்டேங்கறாங்க."

"அவள அடக்கு. இல்லன்னா நான் பழையபடி மோட்டார் ரிப்பேருக்குப் போறேன், நீ வேற வேலை தேடிக்க."

மூழ்கினால் முழுச் சரக்கும் போகும் என்றிருந்த விதியைச் செல்வி மாற்றினாள். கொஞ்சம் போனால் போதும். வியாபாரிகளுக்குப் பயம் விட்டது. இழக்க ஒன்றுமில்லை என்றானதும், மிளகு விற்க வந்தவன்கூடப் பீரங்கி வாங்கிக் கண்ணில் பட்டவனையெல்லாம் சுட ஆரம்பித்தான். துறைமுக வாயில் முகூர்த்த நாள் பஸ் ஸ்டாண்டு போல ஆகிவிட்டது. ஒரு கப்பலும் நகரவில்லை.

பழைய விதியைத் திரும்ப வைத்துவிட்டு, கொள்ளைக்காரரை மூழ்கடிப்பவருக்குப் பரிசு என்று அறிவித்தாள். நத்தத்திலிருந்து ஆடிய அண்ணன் தம்பி இருவர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தம்பி கொள்ளைக்காரனாகி மூழ்குவான், அண்ணன் பரிசு வாங்குவான். அப்புறம் அண்ணன் மூழ்குவான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் கடலிலேயே பெரிய பணக்காரர்கள் அவர்கள்தான். மறுநாள் பேகம்பூர் பிரவுசிங் சென்டர் முழுக்க இதே தொழில் நடந்தது.

"ஏம்மா, கொள்ளையத் தடுக்கச் சொன்னா, நீ கொள்ளைக்காரனுக்குச் சம்பளம் போட்டுக் குடுக்கறியே!" என்று கண்ணுசாமி தலையில் கை வைத்தார்.

பரிசை நிறுத்தினாள். துறைமுகத்தைச் சுற்றிப் பாதுகாப்பு எல்லை ஒன்று போட்டாள். எல்லைக்குள் யாரும் சுட முடியாது. வியாபாரிகள் மொத்தப் பேரும் அதற்குள்ளேயே நங்கூரம் பாய்ச்சி அரட்டையில் இறங்கினார்கள். "சாப்டியா அப்பு?" "ஆச்சு." "என்ன வெஞ்சனம்?" எல்லைக்கு வெளியே கடல் காலியாகக் கிடந்தது.

ஒரே ஒரு கப்பல் மட்டும் வெளியே போனது. அதன் பெயர் மல்லிக்கப்பல். துணைக்கு ஆளில்லை, பீரங்கியும் இல்லை. பட்டு, சந்தனம், வெள்ளிக்குடம் என்று விலை கூடிய சரக்காகப் பார்த்து ஏற்றிக்கொண்டு, எப்போதும் ஒரே தீவுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். மீசைக்காரி வருவாள், மூழ்கடிப்பாள், அள்ளிக்கொண்டு போவாள்.

செல்வி துருவிப் பார்த்தாள். மீசைக்காரி இதுவரை மூழ்கடித்ததே இந்த ஒரு கப்பலைத்தான். மற்றவர்கள் அதைப் பார்த்தே அரண்டுபோயிருக்கிறார்கள்.

இத்தனை அடி வாங்கியும் ஒரு புகார்கூடச் சொல்லாத மனிதர். செல்விக்கு மனசு கேட்கவில்லை. மல்லிக்கப்பலுக்கு மட்டும், யாருக்கும் சொல்லாமல், குண்டு துளைக்காத கவசம் போட்டுவிட்டாள். அன்றைக்கு மீசைக்காரி சுட்டுச் சுட்டு அலுத்து வெறுங்கையோடு திரும்பியதைப் பார்த்துக்கொண்டே நிம்மதியாக ஒரு டீ குடித்தாள்.

மறுநாள் காலையில் போன் வந்தது.

"யம்மா, மல்லிக்கப்பல்காரன் பேசுறேன். என் கப்பலு மூழ்க மாட்டேங்குது."

"ஆமாங்கய்யா. இனிமே மூழ்காது. தைரியமாப் போய்ட்டு வாங்க."

"என்னம்மா இப்புடிச் சொல்லிப்புட்ட! பொங்கலுக்குள்ள அது மூழ்கியாகணும்!"

"உங்க சரக்கு அம்புட்டும் போயிருமே?"

"போகணும்னுதான ஏத்துறேன்! ஒனக்குப் போன்ல சொன்னாப் புரியாது. நேர்ல வாரேன், இரு."

சொன்னபடி வந்தார். நிலக்கோட்டையில் பூ வியாபாரம் செய்யும் பொன்னுத்துரை. மூச்சு வாங்க மாடியேறிக் கதவைத் தள்ளியவர், எதிரில் கண்ணுசாமியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். அவர் வெளியே போயிருப்பார் என்று எண்ணி வந்தவர் போலிருந்தது.

இருவரும் அன்னியர் இல்லை. கண்ணுசாமியின் மனைவி புவனேஸ்வரிக்குப் பொன்னுத்துரை கூடப்பிறந்த அண்ணன். மகள் காதுகுத்தில் வாய்த்தகராறு முற்றி, தாய்மாமன் கொண்டுவந்த சீர்த்தட்டுகளை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார் கண்ணுசாமி. "இனிமே ஒங்க வீட்டுச் சீரு என் வாசப்படி ஏறக் கூடாது" என்று அன்றைக்குச் சொன்னதுதான். அதன்பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்தே இல்லை.

கண்ணுசாமி சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "செல்வி, இவருக்கு இங்க என்ன வேலையாம்?"

"சார், இவருதான் மல்லிக்கப்பல். மீசைக்காரிகிட்ட அத்தனையும் பறிகொடுக்கறவரு. கப்பல மறுபடி மூழ்க வைக்கச் சொல்லி வந்திருக்காரு."

கண்ணுசாமிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. தொடையில் தட்டிச் சிரித்தார்.

"நல்லா வேணும்! ஒத்தப் பொம்பளகிட்ட நித்தம் அடி வாங்குறாராமா? யாரு பெத்த மகராசியோ, அவ மட்டும் கையில கெடைச்சா நானே ஒரு மாலை வாங்கிப் போடுவேன்மா!"

பொன்னுத்துரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு காதுகுத்துக்கு அப்புறம் முதல் தடவையாக அவரை நேருக்கு நேர் பார்த்துப் பேசினார்.

"மாலைய நீங்க கல்யாணத்தன்னிக்கே போட்டுட்டீங்க மாப்ள, வாசலோட திருப்பி அனுப்புனீங்களே, அந்தச் சீரத்தான் தங்கச்சி கடல்ல வந்து வாங்கிக்கிட்டுப் போறா."