தூத்துக்குடிக் கடற்கரைக்கு வில்லங்கம் பார்த்தேன்

சங்கரன்கோவில்,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய அத்தான் கைலாசநாதன் அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் சண்முகையா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கோமதியம்மன் புண்ணியத்தில் இங்கே என் வலது முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். சென்னையில் தாங்களும் அக்காவும் அவ்விதமே சுகமாக இருக்க வேண்டும். வாட்ஸாப்பில் அனுப்பினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். முப்பத்தொரு வருஷம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். ஜெயித்த சேதி காகிதத்தில் ஏறினால்தான் எனக்குத் திருப்தி.

என் மகள் மீனலோசினியின் சம்பந்தம் முடிந்துவிட்டது. நேற்றுத் தூத்துக்குடியில் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தோம். கிளம்பும்முன் தாங்கள் போனில் சொன்னது ஞாபகம் இருக்கும். "ஏ சண்முகையா, ஏற்கெனவே ரெண்டு எடம் ஒன் வாயாலதான் போச்சு. இவுக தலைமுறை தலைமுறையா கப்பல் தொழில்ல இருக்கவுக. நீ வாயத் தொறக்காம இருந்தாலே போதும்" என்றீர்கள். அத்தான், நான் வாயைத் திறந்தேன். மூன்று மணி நேரம் மூடவில்லை. அதனால்தான் காரியமே நடந்தது.

தரகர் இசக்கித்துரையின் ஏற்பாடு நம் வழக்கப்படிதான். இரண்டு வீட்டாரும் தற்செயலாகச் சந்தித்ததுபோல ஒரு பொது இடத்தில் சந்திக்க வேண்டும், கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது, ஊர் பேர் விசாரிக்கக் கூடாது. தட்டிப்போனால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. ரோச் பூங்கா வாசல், மாலை நாலு மணி, மாப்பிள்ளைக்கு நீலச் சட்டை. கடலைக் கண்ணால் பார்க்காத ஊர்க்காரன் மகள் என்று நாளைக்கு என் பிள்ளையை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, இரண்டு மாதமாக அந்தக் கடற்கரையின் சரித்திரத்தை நோட்டுப் போட்டுப் படித்திருந்தேன். கோவில்பட்டியில் பஸ் மாறினோம், எட்டயபுரம் தாண்டி டயர் பஞ்சர், இறங்கும் அவசரத்தில் என் வீட்டுக்காரி சங்கரம்மாள் மல்லிகைப்பூப் பொட்டலத்தைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டாள், பெண் வெறுந்தலையோடு நிற்கிறாள் என்று வழியெல்லாம் புலம்பல். பூங்கா வாசலை அடையும்போது மணி நாலேகால். நீலச் சட்டை நின்றிருந்தார். பக்கத்தில் தாயும் தகப்பனும். "கடல் பாக்க வந்தீகளோ?" என்று தற்செயலாகக் கேட்டேன். "ஆமாங்க" என்றார் பெரியவர், ஒன்றும் தெரியாதவர் மாதிரி. என்ன நடிப்பு! பேச்சில் அந்த 'ங்க' சற்றுத் தூக்கலாக இருந்தது. துறைமுகத்தில் நாலு ஊர்க்காரர்களோடு பழகிய வாய் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஆரம்பித்தேன். பீச் ரோடு முழுவதற்கும் மூலப்பத்திரத்திலிருந்து வந்தேன் அத்தான். பாண்டியன் காலத்து முத்துக்குளிப்பு, பிறகு போர்ச்சுக்கீசியர் அனுபவம், 1658இல் டச்சுக்காரர் கைக்கு மாற்றம், 1825இல் ஆங்கிலேயர் வசம், இதில் ஒன்றுக்குக்கூட முறையான கிரயப் பத்திரம் கிடையாது, எல்லாம் ஆக்கிரமிப்பு என்று விளக்கினேன். பனிமய மாதா கோயில் வாசலில் தங்கத் தேரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது செருப்பு வார் அறுந்தது. ஒற்றைச் செருப்போடு தொடர்ந்தேன். இங்கிலீஷ் சர்ச் என்று எல்லோரும் சொல்லும் கோயிலைக் கட்டியது டச்சுக்காரர் என்று நிரூபிக்க நோட்டைத் திறந்தால், ரோட்டோர ஆடு ஒன்று எட்டி டச்சுக்காரர் பக்கத்தைத் தின்றுவிட்டது. மனப்பாடமாகவே சொன்னேன். பழைய துறைமுகத்துக்கு வந்தோம். மாலத்தீவுக்குப் போகும் தோணிகளில் வெங்காய மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. இங்கிருந்துதான் சுதேசிக் கப்பல் கொழும்புக்குப் புறப்பட்டது, ஒரு காலத்தில் சென்னையிலிருந்து ரயிலில் வந்தவர்கள் இங்கேதான் கப்பல் ஏறினார்கள் என்றேன். தெற்கே கையை நீட்டிப் புதுத் துறைமுகத்தையும் முயல் தீவையும் காட்டினேன். பெரியவர் வாயைப் பிளந்துவிட்டார். "அப்படீங்களா? எங்களுக்கு இது ஒண்ணுமே தெரியாதுங்க" என்றார். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து கப்பல் தொழில் பார்க்கிறவர், என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைசியில் ஒரு சோதனை வைத்தார். "நல்ல மக்ரூன் எந்தக் கடைலீங்க கெடைக்கும்?" என்றார். இதற்கெல்லாமா மசிவேன், நேராகக் கடைக்கே கூட்டிக்கொண்டு போனேன். பெரிய டப்பாவாக வாங்கி மீனலோசினி கையில் கொடுத்தார். அந்த அம்மாள் நம் பெண்ணின் தலையைப் பார்த்தார், வாசலில் மல்லிகை இரண்டு முழம் வாங்கினார், தன் கையாலேயே வைத்துவிட்டார். இனிப்புக் கொடுத்தாகிவிட்டது, பூ வைத்தாகிவிட்டது. கல்யாணம் என்ற சொல்லே வரவில்லை. இதைவிட நாகரிகமாக ஒரு நிச்சயத்தை நான் பார்த்ததில்லை. சங்கரம்மாள் பஸ்ஸில் என்னை முதல் தடவையாக ஜன்னலோரம் உட்காரவிட்டாள். தாங்கள் பெரியவர், தோற்றதில் வருத்தம் வேண்டாம். பந்தலில் தாங்கள்தான் முன்வரிசையில் உட்கார வேண்டும். அக்காவுக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

தங்கள் அன்புள்ள மைத்துனன்,
சண்முகையா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் இசக்கித்துரை போன் செய்தார். "அண்ணாச்சி, நேத்து ஏன் வரல? அவுக வாசல்ல வெயிலுன்னு பூங்காவுக்குள்ள போயி ஆறு மணி வரைக்கும் காத்துக் கெடந்துட்டு, கோவமாப் போயிட்டாக. வேற எடம் பாக்காகளாம்" என்கிறார். மீனலோசினியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மாதா கோயில்லயே எனக்குத் தெரியும்ப்பா. தரகர் எனக்கு மட்டும் அனுப்புன போட்டோல இருந்த ஆளு இவரு இல்ல. இவுக பல்லடம். திருச்செந்தூர் போயிட்டு வார வழியில கடல் பாக்க நின்னுருக்காக. ஒங்கள கவர்மெண்டு போட்ட கைடுன்னு நெனச்சுட்டாக."

"ஏட்டி, பின்ன ஏன் அப்பவே சொல்லல?"

"நீங்க டச்சுக்காரன எறக்கிக்கிட்டு இருந்தீக. அவரு எங்கிட்டப் பேசிக்கிட்டு இருந்தாரு." மக்ரூன் டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள். "தறி வச்சிருக்காகளாம்ப்பா. அவுக அம்மாகிட்டச் சொல்லிட்டாராம். வார வெள்ளிக்கிழமை பொண்ணு கேட்டு வாராக."

நானூறு வருஷத்து வில்லங்கம் பார்த்தவன், எதிரே நிற்கிறவர் யார் என்று பார்க்கவில்லை. ஆனாலும் பிள்ளையின் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை அத்தான், எனக்குச் சம்மதம். பல்லடத்தில் கடல் கிடையாதாம். அந்த ஊரின் சரித்திரம் பற்றிப் புத்தகம் ஏதும் கிடைத்தால் உடனே கூரியரில் போடவும். வெள்ளிக்கிழமைக்குள் படித்தாக வேண்டும்.