ஓச்சேரிக்குத் திரும்பிப் போன குண்டூசி

முகூர்த்த நேரத்துக்கு மணப்பெண் இருந்தாள், ஐயர் இருந்தார், நாதஸ்வரக்காரர் இருந்தார், டிட்டா சாரும் இருந்தார். மாப்பிள்ளை மட்டும் இல்லை.

ஒரு ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் போதும், என்ன செய்கிறார் என்று கேட்கவே கூடாது என்று வாழ்ந்த மனிதர் இந்தப் பூமியிலேயே டிட்டா சார் ஒருவர்தான். பெரிய காஞ்சிபுரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை. கடைக்குப் பின்னால், சர்க்கார் லைசென்ஸோடு சொந்தமாக ஒரு வயர்லெஸ் பெட்டி. அதில் 'டிட் டா டிட் டா' என்று தந்தி தட்டித் தூரதேசத்து ஆட்களோடு பேசுவார். நீங்கள் எங்கே, நான் காஞ்சிபுரம், அவ்வளவுதான் பேச்சு. உடனே சுவரிலிருக்கும் மேப்பில் ஒரு குண்டூசி விழும். டோக்கியோக்காரர் ஒருவரை வருஷக்கணக்காகத் தெரியும். அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டால், "அது நமக்கு எதுக்குப்பா? ஆளு டோக்கியோவுல இருக்காரு" என்பார்.

வீட்டிலும் இதே வழக்கம். கிணற்றடிக்குப் போனால் கிணற்றடி என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போவார். திரும்பியதும் கூடம் என்பார். ஒருநாள் அந்த அம்மா பொறுக்காமல், "கட்டிக்கினு வந்த நாளா நான் அடுப்பங்கரையிலதான் இருக்கேன். அங்கயும் ஒரு ஊசி குத்திடுங்க" என்றாராம். குத்தினார் என்றும் சொல்கிறார்கள்.

என் அக்காவின் மாப்பிள்ளை வீட்டார் ஆற்காட்டிலிருந்து வேனில் கிளம்பினார்கள். அதே வேனில் டிட்டா சாரின் சிநேகிதர் ஒருவர், பேட்டரியும் பெட்டியுமாக. ஓடுகிற வண்டியிலிருந்து தட்டிப் பார்க்க இருவரும் முறையாக அனுமதி வாங்கியிருந்தார்கள். மண்டபத்துச் சாமான் அறையில் டிட்டா சார் தம் பெட்டியை இறக்கி, மேப்பை மாட்டினார். காவேரிப்பாக்கத்தில் ஊசி விழுந்தபோதே பாதிக் கல்யாணக் கூட்டம் அங்கே வந்துவிட்டது. அடுத்து ஓச்சேரி. அடுத்து தாமல். மேப்பில் நம்மூர் எது என்று அத்தை என்னைக் கேட்டாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். காட்டினேன். காஞ்சிபுரத்துக்குக் குங்குமப் பொட்டு வைத்தாள். சமையல்காரர் இலை போடச் சொன்னார்.

மறுபடி சத்தம் வந்தது. டிட்டா சார் தாமலிலிருந்து ஊசியைப் பிடுங்கி, திரும்பவும் ஓச்சேரியில் குத்தினார்.

இலை போடுவது நின்றது. ஏற்கெனவே தாம்பூலம் மாற்றிய பிறகு அக்காவுக்கு ஒரு சம்பந்தம் முறிந்திருந்தது. அப்பா டிட்டா சாரின் பக்கத்தில் போய் நின்றார்.

"ஏன் திரும்பிட்டாங்கன்னு கேளுங்க சார்."

"இடம் மட்டும்தான் கேக்கலாம்பா. அடுத்தவங்க சமாசாரத்தை இதுல அனுப்பினா லைசென்ஸ் போயிடும்."

படித்தவனாயிற்றே, நீயாவது சொல்லேன் என்பதுபோல் அப்பா என்னைப் பார்த்தார். சட்டம் அதுதான் என்று சொல்வதைத் தவிர என் படிப்பால் ஒன்றும் ஆகவில்லை.

அதற்குள் அக்கா கூறைப்புடவையோடு வந்து மேப்பின் முன்னால் நின்றாள். ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி எந்தப் பக்கம் பாத்துக்கினு நிக்குது சார்? அது மட்டும் சொல்லுங்க."

"அது இடத்துல சேராதும்மா" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். "கேட்டுடறேன்."

அவர் அவ்வளவு நீளமாகத் தட்டி யாரும் பார்த்ததில்லை. பதிலும் நீளமாகத்தான் வந்தது.

"மாப்பிள்ளையோட தாத்தாவ ஓச்சேரி டீக்கடையில விட்டுட்டு வந்துட்டாங்களாம். இப்ப ஏத்தியாச்சு. வண்டி நம்மூரு பாத்துதாம்மா நிக்குது."

முகூர்த்தத்தின் கடைசி நுனியில் தாலி ஏறியது. கோபமாக இருந்தவர் தாத்தா ஒருவர்தான். இரண்டாவது டீயைக் குடிக்க விடவில்லையாம்.

மறுநாளே டிட்டா சார், அடுத்தவர் சமாசாரத்தை அனுப்பிவிட்டேன் என்று தாமாகவே சர்க்காருக்கு எழுதிப் போட்டார். யாருக்குத் தெரியப்போகிறது என்று அப்பா கெஞ்சிப் பார்த்தார். காற்றில் போனதை எத்தனை ஊரில் கேட்டிருப்பார்களோ என்று டிட்டா சார் சொல்லிவிட்டார். ஆறு மாதம் லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். பெட்டிக்கு அவரே துணி போர்த்தினார். சாயங்காலமானால் கை சும்மா இருக்க முடியாமல் மேஜையைத் தட்டும். தறியை விட்டு எழுந்ததும் அப்பா போய் அவர் எதிரே உட்கார்ந்துகொள்வார். அப்பா போக முடியாத நாளில் நான். பேச ஒன்றும் பெரிதாக இருக்காது.

அக்கா கல்யாணத்துக்கு என்ன செலவாயிற்று என்று யாராவது கேட்டால், அப்பா இன்றைக்கும் முதலில் சொல்வது அந்த ஆறு மாதத்தைத்தான்.