ஆயிரத்து நானூறு ஆணிகளும் ஓர் அப்பாவும்

காலை பதினொன்று இருபதுக்கு நிலைமை கெடத் தொடங்கியது. நிமிடம்வரை துல்லியமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. சுவர்க் கடிகாரத்தையும் உத்தரத்துப் பல்லியையும் தவிர வேறெதையும் அப்போது என்னால் பார்க்க முடியவில்லை. நான் ஆணிப் படுக்கையில் மல்லாந்து கிடந்தேன்.

(பதறாதீர்கள். பதறுவதற்கு எங்கள் குடும்பத்தில் நான் ஒருவன் போதும்.)

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. மகள் பிறந்தபின் அதில் பதவி உயர்வும் பெற்றேன். கயல்விழி ஒன்பதாவது படிக்கிறாள். சிதம்பரத்தில் ஒரு கல்லூரி நடத்தும் அறிவியல் முகாமுக்கு அவளைத் தேர்வு செய்திருந்தார்கள். ஐந்து நாள், விடுதியில் தங்க வேண்டும். கடலூரிலிருந்து சிதம்பரம் என்ன, சந்திரனா? ஆனாலும் சம்மதப் படிவம் மூன்று வாரமாக என் கையெழுத்து இல்லாமல் கிடந்தது. விடுதி ஜன்னலுக்குக் கம்பி உண்டா, பாம்பு வருமா, பிச்சாவரம் கூட்டிப்போனால் படகில் லைஃப் ஜாக்கெட் தருவார்களா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பதில் கிடைத்த கேள்விகளையும் மறுபடி கேட்டேன்.

அன்று அதே கல்லூரியின் அறிவியல் கண்காட்சி வண்டி அவள் பள்ளிக்கு வந்திருந்தது; பெற்றோரையும் பார்க்க அழைத்திருந்தார்கள். சாயங்காலம் வண்டி கிளம்புவதற்குள் படிவத்தைக் கொடுக்க வேண்டும். அதுவரை மகளின் கண்ணில் படாமல் இருப்பது என் திட்டம். என் மச்சான் செந்தில்தான் கெடுத்தான். “மாமா, கயலு பேசுது வாங்க” என்று வகுப்பறைக்குள் இழுத்துப் போய் முதல் வரிசையில் நிறுத்திவிட்டான்.

உள்ளே பலகை முழுக்க ஆணிகள், கூர் மேலே பார்த்தபடி. பக்கத்தில் என் மகள்.

“இதுல ஆயிரத்து நானூறு ஆணி இருக்கு. எண்பத்து நாலு கிலோ ஆளு படுத்தா ஒரு ஆணிக்கு அறுபது கிராம்தான் வரும். குத்தாது. யாராவது பெரியவங்க படுத்துப் பாக்குறீங்களா?”

பெற்றோர் எல்லாரும் ஒரே நேரத்தில் செல்போனைப் பார்த்தார்கள். அவள் முகம் சுருங்கியது. அப்புறம் சொன்னாள்: “எங்கப்பா படுப்பாரு. அவரு எண்பத்து நாலு கிலோதான்.”

(என் எடையை ஊரறியச் சொன்னதைக்கூட மன்னித்துவிட்டேன்.)

கல்லூரிப் பையன்கள் இருவர் என்னைத் தூக்கி மெல்லக் கிடத்தினார்கள். கயல் காதருகே குனிந்தாள். “எழுந்திரிக்கணும்னு நெனைக்காதீங்கப்பா. முழங்கையை ஊன்னுனா வெயிட்டு பூரா நாலஞ்சு ஆணி மேல எறங்கிடும். ரெண்டு பேரு நேரா தூக்கணும், சரியா?”

உண்மையில் குத்தவில்லை. கைதட்டினார்கள். எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அது ஒரு நிமிடம் நீடித்தது.

“சீஃப் கெஸ்ட் வந்துட்டாரு!” என்று உடற்பயிற்சி ஆசிரியர் வாசலில் கத்தினார். “பன்னீர் தெளிக்கிற பிள்ளைங்க எங்க? மாலை எங்க?”

பத்து மணிக்கு வரவேண்டியவர் பதினொன்று இருபதுக்கு வந்தார். பன்னீர் தெளிக்கும் பிள்ளைகளில் கயலும் ஒருத்தி. ஓர் ஆசிரியை அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். பையன்கள் மாலையைத் தூக்க ஓடினார்கள். “மாமா, ரெண்டே நிமிஷம், ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடறேன்” என்று செந்திலும் போனான்.

அறை காலியானது. பேண்டு வாத்தியம் முழங்கியது. பல்லி மட்டும் விருந்தினரைப் பார்க்கப் போகவில்லை. அது என் நெற்றிக்கு நேர் மேலே வந்து நின்றது.

அறுபது கிராம் கணக்கை நினைத்துப் பார்த்தேன். கணக்கு சரி. ஆனால் எல்லா ஆணியும் வேலைக்கு வந்திருக்கிறதா? என் முதுகில் ஒரு பள்ளம் உண்டே, அந்தப் பகுதி ஆணிகளெல்லாம் விடுப்பில்தானே இருக்கும்? அவற்றின் வேலையை யார் பார்ப்பது? தும்மல் வந்தால்? பல்லி விழுந்தால்? பல்லி விழுந்து தும்மலும் வந்தால்?

ஒலிபெருக்கியில் சிறப்பு விருந்தினர் ஆரம்பித்தார். “மாணவச் செல்வங்களே! பயம்தான் அறிவியலின் முதல் எதிரி!”

பதினொன்று ஐம்பதுக்கு விருந்தினருக்கான டீயோடு ஒருவர் எட்டிப் பார்த்தார். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்னா சார், வேண்டுதலா?”

“இல்லண்ணே, பொண்ணு படிப்பு விஷயமா...”

“புள்ள படிப்புக்கா? நல்லா வரும் சார்.” கைகூப்பினார்.

“அண்ணே, கொஞ்சம் தூக்கி விடுங்களேன்!”

“ஐயோ, பாதியில எழுப்புனா எனக்குல்ல பாவம்! முடிச்சிட்டே எழுந்திரிங்க.” கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன். முழங்கையை ஊன்றினேன். நான் போட்ட சத்தத்தில் பல்லி எதிர்ச்சுவருக்கு ஓடிவிட்டது. இன்றுவரை என் வலது முழங்கையில் ஏழு புள்ளி இருக்கிறது. கோலம் போடப் போதுமானது என்பாள் என் மனைவி. நான் எதற்காவது தயங்கினால் போதும், “கணக்கு சரியாத்தான் இருக்கு, படுங்க” என்பாள். செந்தில் விழுந்து விழுந்து சிரிப்பான். சிரிக்கட்டும். இரவில் எனக்கு இன்னும் அந்தக் கடிகாரச் சத்தம் கேட்கிறது.

பன்னிரண்டு ஐந்துக்குக் கதவருகே பன்னீர் வாசனை. கயல் ஓடி வந்தாள். பின்னாலேயே அந்த இரண்டு பையன்கள். அவள் கண் கலங்கியிருந்தது.

“அசையாதீங்கப்பா! டீச்சர் முன்வரிசையில உக்கார வச்சிட்டாங்க, விடவே இல்ல. கணக்கு தப்பாயிடுச்சா?”

“கணக்கெல்லாம் சரிதான் கயலு. முழங்கைதான்...” என் வாய் சும்மா இருக்குமா? ஆணிமேல் கிடந்தபடியே கேட்டேன். “அந்த முகாமுல அஞ்சு நாளு நீ எப்புடிம்மா தனியா இருப்ப?”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பாவாடைப் பையிலிருந்து நான்காக மடித்த படிவத்தை எடுத்தாள். ஒரு பேனாவையும் எடுத்தாள்.

“நீங்க தனியா ஆணி மேல முக்கா மணி நேரம் படுத்திருக்கீங்க. நான் பத்து பிள்ளைங்களோட மெத்தை மேல அஞ்சு நாளு படுத்துக்க மாட்டேனாப்பா?”