அத்தானின் ஆரஞ்சும் அண்டை நாட்டுக் கடிகாரமும்

என்றும் என் மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு, அரசு விருந்தினர் மாளிகையில் மேசை நாற்காலிகளுக்குக் காவல் இருக்கும் உங்கள் மச்சான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என் முதுகைத் தவிர மற்ற எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்களும் அக்காவும், முக்கியமாக மரங்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதமும் ஒரு கூடைப் பழமும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. "தலைநகரத்துலயே உக்காந்திருக்கியே மச்சான், எல்லைக் கதவ எப்பத்தான் திறப்பாங்கன்னு கேட்டுச் சொல்ல மாட்டியா?" என்று கோபித்துக்கொண்டிருந்தீர்கள். மலைநாட்டுச் சந்தைக்குப் போகிற பழத்தை முன்கூட்டியே பறிக்க வேண்டும், பறித்த பிறகு கதவு திறக்காவிட்டால் அழுகிவிடும், பறிக்காமல் விட்டால் உதிர்ந்துவிடும், இந்த வருஷமும் போனால் தோட்டத்தையே விற்றுவிடலாம் என்று அக்கா அழுகிறாள் என்றும் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அத்தான், எனக்கு இங்கே யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆனால் என் சாமான் அறை சொல்லும். மலைநாட்டார் எந்தக் காலத்திலோ பரிசளித்த ஆளுயரக் கடிகாரம் ஒன்று அதில் இருக்கிறது, கடல்நாட்டார் கொடுத்த கண்ணாடிப் பெட்டிக் கப்பல் ஒன்றும் இருக்கிறது. எந்த நாட்டு விருந்தாளி வருகிறாரோ அந்த நாட்டுப் பொருள்தான் மாடிக் கூடத்தில் இருக்க வேண்டும், அடுத்தவர் பொருள் அவர் கண்ணில் படவே கூடாது என்பது எங்கள் மாளிகை வழக்கம். கடிகாரம் படியேறினால் மலைநாட்டோடு ராசியாகிவிட்டோம், கப்பல் ஏறினால் கடல்நாட்டோடு. பத்திரிகைக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதுவதை நான் என் முதுகுவலியை வைத்தே சொல்லிவிடுவேன்.

போன மழைக்காலத்தில் கப்பலை மேலே ஏற்றினோம். அதற்கேற்ப, நிஜமான கடல்நாட்டுக் கப்பல் ஒன்று நம் துறைமுகத்தில் வந்து நின்றது. அந்த வாரமே உங்கள் ஆரஞ்சில் பூச்சி இருப்பதாக மலைநாட்டார் கண்டுபிடித்துக் கதவைச் சாத்தினார்கள். துறைமுகத்தில் கப்பல் நின்றால் மலையடிவாரத்துப் பழத்தில் பூச்சி எப்படி விழும் என்று நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன். கடைசியில் எங்கள் வரவேற்பு அதிகாரி அம்மாவிடமே கேட்டுவிட்டேன். "அது பூச்சி இல்லீங்க, கோவம். எழுதும்போது பூச்சின்னுதான் எழுதணும்" என்றார். எனக்கு இந்த விஷயத்தில் இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

இப்படி இருக்கும்போது, இந்த வாரம் அந்த அம்மா அவசரமாக ஓடி வந்து, "கடிகாரத்த மேல ஏத்துங்க!" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மலைநாட்டு அமைச்சர் நம் அமைச்சரைப் பார்க்க வருகிறாராம். கப்பலை இறக்கிக் கடிகாரத்தை ஏற்றினால், அடுத்தபடியாக நாற்காலிச் சண்டை. நம்மவர் நாற்காலி ஒரு விரலளவு உயரமாக இருக்கிறது என்று முன்னதாக வந்த மலைநாட்டு அதிகாரி முகத்தைச் சுளித்தார். தச்சரைக் கூப்பிட்டு நம்முடையதன் காலை அறுத்தோம். "இப்ப நம்மது தாழ்ந்துபோச்சே, நாட்டு மானம் என்ன ஆகும்?" என்று நம் அமைச்சரின் செயலாளர் குதித்தார். அவர்களுடையதை அறுத்தோம். பிறகு இது ஆடியது, இதை அறுத்தோம், அது உயர்ந்தது, அதை அறுத்தோம். "இன்னும் அறுத்தா பாய் போட்டுக் குடுத்துடலாம்ங்க" என்று தச்சர் ரம்பத்தைக் கீழே வைத்தபோதுதான் இரண்டு நாடுகளும் சமமாயின.

அந்தச் சந்தடியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. உங்கள் கூடையிலிருந்து நல்ல பழமாகப் பொறுக்கி, துடைத்து, நடு மேசைக் கிண்ணத்தில் அடுக்கினேன். பூச்சி இருக்கிறதா இல்லையா என்று அந்த மனிதர் தானே கண்ணால் பார்த்துக்கொள்ளட்டுமே! அதிகாரி அம்மா வந்து பார்த்து, "கூடத்துல இருக்கறது எல்லாம் அவங்களோடதாத்தானே இருக்கணும்?" என்று முணுமுணுத்தார். எடுத்துவிடப் போகிறாரே என்று எனக்குப் பகீரென்றது. ஆனால் அவர் எடுக்கவில்லை. பல்குத்தும் குச்சியில் ஒட்டிய சின்னச் சின்ன மலைநாட்டுக் கொடிகளை ஒரு டப்பாவிலிருந்து எடுத்து, ஒவ்வொரு பழத்திலும் ஒன்றாகக் குத்திவிட்டுப் போனார். உங்கள் பழத்துக்கு எப்பேர்ப்பட்ட மரியாதை பாருங்கள் அத்தான்!

அமைச்சர்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள். இருவருக்கும் முழங்கால் முகவாய்க்கு வந்துவிட்டது. நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன், பேச்சு ஒன்றும் காதில் விழவில்லை. ஆனால் பார்க்க முடிந்தது. நினைத்தவுடன் எழுந்திருக்க முடியாத நாற்காலி ஆதலால் இருவரும் நெடுநேரம் உட்கார்ந்தே இருந்தார்கள். கைக்கு எட்டியது உங்கள் பழம் ஒன்றுதான். மலைநாட்டு அமைச்சர் ஒன்று உரித்தார், தின்றார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்று. பிறகு ஒன்றைத் தூக்கிக் காட்டி, மார்பைத் தொட்டுக்கொண்டு, என்னவோ உருக்கமாகச் சொன்னார். நம்மவர் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள், அந்தப் பிடியிலேயே ஒருவரை ஒருவர் இழுத்து எழுந்தும் விட்டார்கள். தேநீர் கொடுக்கப் போயிருந்தவர் தட்டோடு வெளியே வந்தார். "என்னய்யா பேசினாங்க?" என்று அவர் சட்டையைப் பிடித்தேன். "ஆரஞ்சுக்குக் கதவத் திறக்கிறாங்களாம். வரியும் கிடையாதாம். அடுத்த வாரமே!" என்றார்.

அத்தான்! இதற்கு மேல் என்ன வேண்டும்? கொஞ்சமும் யோசிக்காமல் பறிக்க ஆள் விடுங்கள். லாரிக்குச் சொல்லுங்கள். கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி அக்காவிடம் சொல்லுங்கள், தோட்டம் எங்கும் போகாது, அவள் தம்பி இருக்கிறான் என்றும் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி, மரங்களுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் பிரியமுள்ள மச்சான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போன நேரத்தில் அதிகாரி அம்மா வந்தார். நான் சந்தோஷத்தில் நன்றி சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். கதவு திறப்பது உண்மைதான் அத்தான். ஆனால் பழம் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வருகிறதாம். "இந்தத் தித்திப்பு எங்க மண்ணுல மட்டுந்தான் வரும், உங்க ஜனங்களும் சாப்பிடட்டும்" என்று மலைநாட்டு அமைச்சர் உருகியிருக்கிறார். நம்மவர் கொடியைப் பார்த்துவிட்டு, "ஆமாம், எங்க ஊர்ல இந்த மாதிரி விளையறதே இல்ல" என்றிருக்கிறார். நம் பழத்தில் இன்னும் பூச்சி இருக்கிறதாம். ஆகவே பறிக்க வேண்டாம். பறித்துவிட்டீர்களானால் உள்ளூர்ச் சந்தைக்கே கொண்டுபோங்கள், மலைநாட்டுப் பழத்துக்குத்தான் இனி அங்கே கிராக்கி. மிச்சமிருந்த கொடி டப்பாவை இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். பழத்துக்கு ஒன்றாக அக்காவையே குத்தச் சொல்லுங்கள், அவளுக்குத்தான் கை நிதானம்.