ஓரிரு இடங்களில்

2024 அக்டோபர் 20, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு, ஆவூரில் புவியியல் ஆசிரியர் ஜஸ்டின் வீட்டுக் கூடம் ஒழுகத் தொடங்கியது. சரியாக சோபாவுக்கு மேலே.

நான்கு மணிக்கு மகள் செலினைப் பெண் பார்க்கப் பொன்னமராவதியிலிருந்து வருகிறார்கள். "மோட்டார் போட்டிருக்கேன், பாத்துக்கங்க" என்று மனைவி அடைக்கலமேரி சொல்லிப் போனதிலிருந்து ஜஸ்டின் செல்போனில் வானிலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓரிரு இடங்களில் மழைன்னு காலைலயே சொன்னேன்ல?"

வாசல் தகரத்தில் சடசடவென்று சத்தம். சாரல் அடிக்குமென்று ஜன்னல்களைச் சாத்தினார்.

"ஒங்க காலநிலையில தீய வைக்க" என்றாள் அடைக்கலமேரி.

"இது வானிலை. இன்னிக்கு ஒனக்கு வந்திருக்கே கோவம், அது மாதிரி. காலநிலைங்கிறது முப்பது வருஷ சராசரி."

"நமக்குக் கல்யாணமாகி இருவத்தாறு வருஷம்தான் ஆகுது."

"அப்ப நாலு வருஷம் கழிச்சுத்தான் சொல்ல முடியும்."

சோபாவை நகர்த்தினார்கள். அங்கும் சொட்டியது. "சில இடங்களில்" என்று ஜஸ்டின் திருத்திக்கொண்டார். தேங்கிய நீர் ஒரே இடத்தில் இறங்கட்டுமென்று ஒட்டடைக் கம்பால் கூரையைக் குத்தினார். காரை பெயர்ந்து கேசரித் தட்டில் விழுந்தது. செலின் பட்டுச்சேலையோடு கூடத்துக்குள் குடை பிடித்தாள்.

ஜஸ்டின் வாளிக்குள் ஸ்கேலை விட்டு அளந்தார்.

"ஏழு சென்டிமீட்டர். இதுக்குப் பேரு கனமழை. அவங்கள அடுத்த வாரம் வரச் சொல்லிருவோம்."

"வேணாங்க! தள்ளிப்போட்டுத்தான் ரெண்டு வரன் தட்டிப்போச்சு."

அதற்குள் அவர் மாப்பிள்ளையின் அப்பாவை அழைத்துவிட்டார்.

"ஐயா, இங்க கனமழை. இன்னிக்கு வேணாமே."

"நாங்க ஒங்க ஊர் மாதா கோயில் வாசல்லதான் சார் நிக்கிறோம். வெயில் மண்டையப் பொளக்குது."

"அதத்தாங்க ஓரிரு இடங்கள்னு சொல்றது."



"பொண்ணு தர இஷ்டமில்லன்னா நேரா சொல்லியிருக்கலாம் சார்."

இணைப்பு அறுந்தது. ஓட்டமாகப் போய் வண்டியை மறிக்க அடைக்கலமேரி கதவைத் திறந்தாள். கூடமெங்கும் வெயில் அடித்தது. வாசலில் பக்கத்து வீட்டு உண்ணாமலை, கையில் ஈர மிளகாய்வற்றலோடு நின்றாள்.

"மேரியக்கா, ஒங்க டேங்கு ஒரு மணி நேரமா நெரம்பி வழியுது. மோட்டார நிறுத்துங்க!"

ஜஸ்டின் போய் சுவிட்சை அணைத்தார். மழை விட்டது.