பன்னிரண்டில் பார்க்க வேண்டியதை ஆறில் பார்த்தேன்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு முப்பது வயது ஆக வேண்டியிருந்தது. அதுவரை எதைக் கேட்டாலும் 'தெரியுமே' என்று சொல்லித்தான் பிழைத்தேன். பெரும்பாலும் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. டோ மியா சோதித்துப் பார்த்தார்.

யாங்கோனில் (எங்கள் வீட்டில் இன்னும் ரங்கூன்தான்) லான்மடாவில் ஒரு கண்ணாடிக் கடையில் அப்போது எனக்கு வேலை. மூக்குக் கண்ணாடி, பூதக்கண்ணாடி, பைனாகுலர் எல்லாம் விற்போம். முதலாளி ஊ காதர். (பர்மாவில் பெரிய மனுஷர் பெயருக்கு முன்னால் ஆணுக்கு 'ஊ', பெண்ணுக்கு 'டோ' என்று மரியாதை சேர்ப்பார்கள்.) அவருடைய தாத்தா காயல்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தவர். பேரன் அந்தத் தமிழையும் பர்மியத்தையும் ஒரே வாக்கியத்தில் கலந்து ஏசுவார்.

டோ மியா காற்றுத் துப்பாக்கி விளையாட்டுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற பயிற்சியாளர். ஊரே அவரை 'சயாமா', அதாவது டீச்சர், என்றுதான் கூப்பிடும். ஒரு நாள் இரண்டு ஸ்கோப்புகளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். துப்பாக்கிமேல் பொருத்திக் குறிபார்க்கும் குழாய்கள்.

"மௌங் சேகர், இது ஃபர்ஸ்ட் ஃபோகல் பிளேன், அது செகண்ட் ஃபோகல் பிளேன். வித்தியாசம் தெரியும் இல்லையா?" என்று பர்மியத்தில் கேட்டார். (மௌங் என்றால் தம்பி.)

"தெரியுமே சயாமா," என்றேன். (செகண்ட் என்றால் பழசு என்று நினைத்துக்கொண்டு, அதில் கீறல் தேடிக்கொண்டிருந்தேன்.)

"நல்லது. ஒரு வாரம் வச்சுப் பாருங்க. என் பிள்ளைகளுக்கு எட்டு வேணும். எது வாங்கலாம்னு நீங்களே சொல்லுங்க."

அவர் போனதும் முதலாளி என் தோளில் கை வைத்தார். "இந்த ஆர்டர் வந்தா புது கவுண்டர் ஒனக்கு. வரலேன்னா நீ எனக்கு வேணாம், ஹோக்லா, சரிதானே?"

அன்று மத்தியானமே ஆராய்ச்சியைத் தொடங்கினேன். இரண்டு ஸ்கோப்பிலும் உள்ளே சிலுவைக் கோடும், அதன்மேல் அளவுகோல் போலச் சின்னச் சின்னக் கோடுகளும் இருந்தன. பவரைக் கூட்டினால் ஃபர்ஸ்டில் காட்சியோடு சேர்ந்து கோடும் தடித்தது. குறைத்தால் தலைமுடி போல மெலிந்து கண்ணுக்கே தெரியவில்லை. செகண்டில் எவ்வளவு திருகினாலும் கோடு அசையாமல், அதே தடிமனில் நின்றது. ஃபர்ஸ்ட் பெட்டியின்மேல் 'தயாரிப்புக் கோளாறு' என்று எழுதி ஒட்டினேன். கூட வந்த விளக்கத் தாளைப் பிரிக்கவில்லை. பெட்டியில் அது அழகாக மடிந்திருந்தது. கலைக்க மனம் வரவில்லை.

அந்த வாரம்தான் முதலாளிக்குப் புது சைன்போர்டு ஆசை வந்தது. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே உள்ள சுவரில் பர்மியம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் கடைப்பெயர், கீழே ஒரு ஜோடிக் கண்கள். அகலத்தைக் கீழே தரையிலேயே அளந்துவிட்டார்கள். உயரத்தை அளக்க ஏணி வேண்டும். மாடி வீட்டுக்காரரோ வீட்டைப் பூட்டிக்கொண்டு தன்லியினில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

"ஏணி எதுக்கு?" என்றேன் நான். "கீழ இருந்தே அளக்கிறேன்."

நூறு மீட்டரில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே பத்து சென்டிமீட்டர். இந்த ஒரு விஷயத்தைப் பெட்டியின் வெளிப்புறத்தில் படித்திருந்தேன். எதிர்த் தெருவில் நூறு மீட்டரை நாடா போட்டு அளந்து, கேமரா முக்காலியில் செகண்டைப் பொருத்தினேன். தெருவே என்னைச் சாலை இன்ஜினியர் என்று நினைத்துவிட்டது. ஒரு அம்மா வந்து, "சாக்கடையை எப்பப்பா சரி பண்ணுவீங்க?" என்று கேட்டார். "பார்த்துக்கிட்டுதான் இருக்கோம்மா," என்று சொன்னேன்.

பன்னிரண்டு பவரில், பஸ் போகும்போதெல்லாம் சுவர் ஆடியது. ஆறுக்குக் குறைத்தேன். சுவர் அமைதியாக நின்றது. எண்ணினேன்: சரியாக ஆறு கோடு. அறுபது சென்டிமீட்டர், அதாவது இரண்டு அடி.

போர்டு செய்பவர் தாளைப் பார்த்துத் தயங்கினார். "ரெண்டு அடிதானா? ரோட்டுல இருந்து பார்த்தா நாலு அடி இருக்கும்போல."

"கண்ணை நம்பாதீங்க. நான் கருவி வச்சு அளந்தேன்," என்றேன்.

நான்கு அடிச் சுவரில் இரண்டு அடிப் போர்டு ஏறியது. பன்னிரண்டு அடி நீளத்துக்கு, கட்டடம் அரைஞாண் கயிறு கட்டிக்கொண்டது போல இருந்தது. மூன்று மொழிகளும் எறும்பு வரிசையாக நெருக்கியடித்து நின்றன. கீழே இருந்த ஜோடிக் கண்கள் இடம் போதாமல் பாதி மூடி, தூங்கி வழிந்தன. பார்வையைச் சோதிக்கும் கடையின் பெயரை யாராலும் படிக்க முடியவில்லை. எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவருக்கொருவர் படித்துக்காட்டப் போட்டி போட்டார்கள். முதலாளி நடுரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

மறுநாள் டோ மியா வந்தார். உள்ளே வருவதற்கு முன் அவரும் அண்ணாந்து பார்த்தார்.

"யார் அளந்தது?"

"நான்தான் சயாமா."

"எதை வச்சு?"

செகண்டைக் காட்டினேன்.

"எந்த பவர்ல வச்சுப் பார்த்தீங்க?"

"ஆறுல."

அவர் சிரிக்கவில்லை. அலமாரிக் கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் இரண்டு கோடு போட்டார். உள்ளே இருந்த மூக்குக் கண்ணாடியை அந்தக் கோடுகளை நோக்கி நகர்த்தினார். "பொருள் பெரிசாகுது, கோடு அப்படியே இருக்கு. செகண்ட் இப்படித்தான். அதுல பன்னிரண்டு பவர்ல மட்டும்தான் அளவு சரியா இருக்கும், ஆறுல வச்சா பாதிதான் காட்டும். ஃபர்ஸ்ட்ல கோடு பொருளோட சேர்ந்து வளரும். எந்த பவர்லயும் அளவு மாறாது." பிறகு கோளாறுச் சீட்டைப் பார்த்தார். அதை நானே கிழித்தேன்.

அப்போதுதான், வாழ்க்கையில் முதல் தடவையாக, "எனக்கு இது ஒண்ணும் தெரியாது சயாமா," என்றேன். வேலைதான் போகிறதே, உண்மையாவது மிஞ்சட்டும். "ஃபர்ஸ்டையே வாங்குங்க. செகண்ட் என்னை இந்தக் கதிக்கு ஆளாக்கிடுச்சு."

"அது ஒண்ணும் பண்ணலை. நீங்கதான் பண்ணினீங்க," என்றார். "என் பிள்ளைங்க பன்னிரண்டுல வச்சா அப்புறம் திருகவே மாட்டாங்க. கோடு எப்பவும் ஒரே மாதிரி தெரியணும். அதனால எனக்கு செகண்டே போதும். எட்டு எழுதிக்குங்க."

முதலாளி பேனாவைத் தேடினார். டோ மியா அவர் பக்கம் திரும்பினார். "ஒரு நிபந்தனை. எட்டுப் பெட்டியிலயும் 'பன்னிரண்டில் மட்டும்'னு இவர் கையால எழுதி ஒட்டணும். இதை இவரை விட நல்லா யாரும் விளக்க மாட்டாங்க."

எட்டுப் பெட்டியிலும் பெரிய எழுத்தில் எழுதினேன். விளக்கத் தாளையும் எட்டுத் தடவை படித்தேன். போர்டு நான்கு மாதம் தொங்கியது. புதிதாக வரும் ஒவ்வொருவரும் 'அதுல என்ன எழுதியிருக்கு?' என்று கேட்க உள்ளே வந்ததால் வியாபாரம் கூடியது என்பது என் கட்சி. முதலாளி இன்றுவரை அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் புது கவுண்டரை எனக்குக் கொடுத்தார்.

ஸ்கோப் வாங்க வந்த பிள்ளைகள் எனக்கு 'கோ சௌக்' என்று பெயர் வைத்தார்கள். சௌக் என்றால் பர்மியத்தில் ஆறு, கோ என்றால் அண்ணன்; ஆக, ஆறு அண்ணன். டீக்கடைக்கும் அந்தப் பெயர் பிடித்துப்போனது. பெண் பார்க்கப் போன மிங்கலா தாங்ஞுன்ட் பகுதி வீட்டிலும் என்னை விசாரித்தவர்களுக்கு அந்தப் பெயர்தான் கிடைத்தது. 'ஆறாவது பிள்ளையா?' என்று மாமனார் கேட்டார். முழுக்கதையையும் சொன்னேன். அடுக்களைக்குள் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. இப்போது அந்தச் சிரிப்பு என் வீட்டில் இருக்கிறது.

போன மாதம் மகளுக்குப் பள்ளியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அப்பா பெயர் என்ற இடத்தில் அவளே கொட்டை எழுத்தில் நிரப்பிக் கொடுத்துவிட்டாள். டீச்சரும் சந்தேகப்படாமல் பதிவேட்டில் ஏற்றிவிட்டார்: 'ஊ சௌக்.' மாற்றச் சொல்லிப் போகலாம் என்று கிளம்பினேன். மனைவி விடவில்லை.

"'கோ'வா இருந்தவரை 'ஊ'வா ஆக்கியிருக்கா. பெரிய மனுஷன் ஆயிட்டீங்க. பேசாம உட்காருங்க," என்றாள்.